ஐயத்திற்கும் ஓர் அளவுகோல்

ஓடி விளையாடிய குழந்தை சில நாட்களாகச் சோர்ந்து கிடக்கின்றது. உணவில் விருப்பமில்லை, மெல்லிய காய்ச்சல், தலையிடி, இடையிடையே சத்தி. சாதாரணக் காய்ச்சலென வீட்டார் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், மூளையைப் போர்த்திருக்கும் உறையைச் சயரோகக் கிருமி தாக்கும்போதும் நோய் இவ்வாறே பதுங்கிப் பதுங்கி வருகின்றது.

எடின்பரோ வைத்தியர் றொபேட் வைற் என்பார் இந்நோயின் போக்கை விவரித்த நூல் 1768ஆம் ஆண்டில் வெளிவந்தது. சயரோகக் கிருமியை றொபேட் கொக் கண்டறிந்ததோ 1882இல்தான். ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து வரும்வரை இந்நோய்க்கு ஆளானோர் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர்.

மருந்து வந்தபின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. நோயை அறிய, முள்ளந்தண்டில் ஊசி செலுத்தி, மூளையைச் சூழ்ந்த நீரை எடுத்துச் சோதிப்பர். அந்நீரிற் கிருமிகள் மிகச் சிலவே இருப்பதால் நுணுக்குக்காட்டிக்குப் பெரும்பாலும் அகப்படா. அவற்றை வளர்த்துப் பார்க்கப் பல வாரங்கள் செல்லும். சில மணி நேரத்தில் விடை தரும் புதிய சோதனைகள் இன்று உண்டு; எனினும் அவை "இல்லை" என்றதால் நோய் இல்லையெனத் துணிதல் இயலாது. நோயோ காத்திராது. ஆகவே பலருக்கு ஐயத்தின் பேரிலேயே மருந்து தொடங்க வேண்டியுள்ளது.

இங்கு ஆராய்ச்சியாளர்க்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. ஒருவர் இந்நோயெனக் கொண்டதை இன்னொருவர் அன்றெனத் தள்ளினால், இருவர்தம் முடிவுகளையும் ஒப்பிடுவது எங்ஙனம்? 1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை நோயின் கடுமையை மூன்று படிகளாக வகுத்தது. நோய்தானா என்னும் ஐயத்தை அளக்கவோ பொது அளவுகோல் இருக்கவில்லை.

2009இல் தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரிற் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் 2010இல் வெளியாயிற்று. பரீட்சைப் புள்ளிகள் போன்றதே அது. நோய்க்குறிகளுக்கு 6, முள்ளந்தண்டு நீருக்கு 4, மூளையின் ஸ்கான் படத்திற்கு 6, உடலின் பிற பாகங்களிற் சயரோகச் சான்றுக்கு 4; ஆக மொத்தம் 20. குறிகள் ஐந்து நாட்களுக்கு மேல் நீடித்திருப்பின், அதற்கு மாத்திரமே 4 புள்ளிகள்.

நீரிற் கிருமி இருப்பது சோதனையால் நிறுவப்படின் நோய் "உறுதியானது". அஃதின்றேல், பிற நோய்களை விலக்கியபின், ஸ்கான் படம் எடுத்தோர்க்கு 12உம் எடாதோர்க்கு 10உம் அதற்கு மேலும் "பெரிதும் ஏற்கத்தக்கது". அதனிற் குறைந்து 6 வரை "இருக்கக்கூடியது".

இவ்வளவுகோல் ஆராய்ச்சிக்கென எழுந்தது. நோயாளியின் கட்டிலருகே புள்ளி கூடும்வரை மருந்தை நிறுத்தி வைப்பதற்கன்று. ஆயினும் அதனுள் வீட்டார்க்கும் ஒரு பாடம் உண்டு. நாட்களின் கணக்கை வைத்தியரினும் நன்கறிந்தவள் தாயே. காய்ச்சலும் தலையிடியும் நாட்கணக்கில் நீடித்து, குழந்தை மந்தமுற்றால், தாமதியாது வைத்தியரை நாடி, தொடங்கிய நாளையும் வீட்டிற் சயரோகம் உற்றவர் உண்டாயின் அதனையும் ஒளியாது கூறுவோமாக. நாம் கூறும் அவ்விரு செய்திகளே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.