நிகழ்நேரக் கருநிரல்: அதனைத் தொகுத்தலும் நிறுவலும்

கணினியின் வன்பொருளுக்கும் அதிலியங்கும் நிரல்களுக்கும் இடைநின்று இரண்டையும் ஆள்வது பணிசெயல் முறைமை. அதன் உள்ளகத்தை ஆங்கிலேயர் கேர்னல் என்பர். விதையினுள் இருக்கும் பருப்பைக் குறிக்குஞ் சொல் அது. தமிழில் அதற்குக் கருநிரல் என்னும் பெயர் வழங்குதல் பொருத்தமே. எந்த நிரல் எப்பொழுது செயலியைப் பெறும், எது காத்துநிற்கும் என்பதைத் தீர்மானிப்பது இக்கருநிரலாகும்.

நிகழ்நேரம் என்றதும் விரைவு எனப் பலர் மயங்குவர். விரைந்தோடும் புகைவண்டி வேறு; குறித்த வேளைக்குத் தவறாது வந்துசேரும் புகைவண்டி வேறு. பொதுக் கருநிரல் சராசரியை நோக்கி ஆக்கப்பட்டது. நிகழ்நேரக் கருநிரலோ மிகக் கெட்ட வேளையிலும் தாமதம் ஓர் எல்லையைத் தாண்டலாகாது என்பதை நோக்கி ஆக்கப்பட்டது. ஓர் இயந்திரக் கைக்கு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கட்டளை செல்லவேண்டுமாயின், 999 முறை உரிய வேளையிற் சென்று ஒருமுறை பிந்தினும் அது பிழையே. பிந்திய சரியான விடை ஈண்டுத் தவறான விடையாகும்.

இதன் அருமையை உணர்த்துதற்கு 1997 ஆம் ஆண்டு யூலை 4 ஆந் திகதி செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்பைண்டர் விண்கலத்தின் வரலாறு ஒன்றே போதும். இறங்கிய சில நாட்களில் அதன் கணினி தானாகவே மீள மீளத் தொடங்கலாயிற்று. காரணம் யாதெனின், வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணியொன்று பொதுவான ஒரு பூட்டைக் கைக்கொண்டிருந்தது. மிக உயர்ந்த முன்னுரிமைப் பணி அப்பூட்டிற்காகக் காத்துநின்றது. இடைத்தரப் பணிகளோ தாழ்ந்த பணியைத் தள்ளிவிட்டுச் செயலியைத் தாம் எடுத்துக்கொண்டன. தாழ்ந்தது ஓடாமையாற் பூட்டு விடுபடவில்லை; பூட்டு விடுபடாமையால் உயர்ந்தது முடங்கிற்று. முக்கியமான பணி முடியாததைக் கண்ட காவற்பொறி கணினியை மீளத் தொடக்கிற்று. இதனை முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்பர். பூமியிலிருந்த பொறியியலாளர் அக்கலத்தின் படியொன்றில் இப்பிழையைத் திரும்ப வரவழைத்துக் கண்டு, முன்னுரிமை மரபுரிமை என்னும் வசதியை அப்பூட்டிற்கு இயக்கிவிட்டனர். பூட்டை வைத்திருப்பவன், அதற்காகக் காத்திருப்பவனின் தகுதியைத் தற்காலிகமாகப் பெறுவான் என்பதே அவ்வசதி. மீளத்தொடங்கல் நின்றது.

பாத்பைண்டரில் இருந்தது வேறொரு முறைமை. லினஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் நிகழ்நேரத்துக்கென எழுதப்பட்டதன்று. இங்கோ மொல்னார், தோமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்து அதனை மாற்றினர். அவர்களின் பிரீஎம்ற் ஆர்.ரீ. என்னும் திருத்தத் தொகுதி வன்பொருட் குறுக்கீடுகளைத் தனித்தனி இழைகளாக்கிற்று. சுழன்று காத்திருக்கும் பூட்டுக்களிற் பெரும்பாலானவற்றை உறங்கிக் காத்திருக்கும் பூட்டுக்களாக்கிற்று. அவற்றிற்கு முன்னுரிமை மரபுரிமையையும் வழங்கிற்று. 2024 செப்ரெம்பரில் அது மூலக் கருநிரலில் ஏற்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

அதற்கு முந்திய பதிப்பைக் கொள்வோர் மூலநிரலோடு அதே எண்ணுடைய திருத்தத்தையும் பெற்று ஒட்டுதல்வேண்டும். எண் சிறிது மாறினும் ஒட்டாமற் போகலாம். 6.12 முதலாக, பொதுவான மேசைக் கணினிகளுக்கு அத்தொல்லை இல்லை. டெபியன் போன்ற வழங்கல்கள் ஆயத்தமான நிகழ்நேரக் கருநிரலைத் தருகின்றன. அது போதுமாயின் தொகுக்கவேண்டியதே இல்லை.

தொகுக்கப் புகுவோர் வெறுமையிலிருந்து தொடங்குதல் வீண்முயற்சி. இயங்கிக்கொண்டிருக்கும் கருநிரலின் அமைவுக் கோப்பைப் படியெடுத்துப் புதிய மூலநிரற் கோப்புறையில் இட்டு, புதிய தெரிவுகளுக்கு இயல்பு விடைகளை ஏற்கச் செய்தல் நலம். பின்னர் அமைவுப் பட்டியிலே முழுமையாக இடைமறிக்கத்தக்க கருநிரல் என்ற வரியைத் தெரிதல்வேண்டும். வல்லுநர்க்குரிய தெரிவுகளைக் காட்டும் குறியை முதலில் இடாவிடின் அவ்வரி கண்ணுக்குப் புலப்படாது. மாணவர் பலர் இவ்விடத்தே தடுமாறுவர். இன்னொரு தடையும் உண்டு. டெபியன், உபுந்து ஆகியவற்றின் அமைவுக் கோப்பில் வழங்குநரின் சான்றிதழ்க் கோப்பொன்றின் பெயர் இருக்கும். அக்கோப்பு மூலநிரலில் இல்லாமையால் தொகுப்பு இடையில் நின்றுவிடும். அப்பெயரை அழித்து வெறுமையாக்கினால் தொடரும்.

தொகுத்தல் பழைய கணினியிற் சில மணித்தியாலங்கள் எடுக்கும். முடிந்தபின் முதலில் கூறுகளையும் பின்னர்க் கருநிரலையும் நிர்வாகி உரிமையோடு நிறுவுவர். தொடக்கப் பட்டியிற் புதியது சேரும். பழைய கருநிரலை ஒருபோதும் நீக்கலாகாது. புதியது எழாவிடின் பட்டியில் பழையதைத் தெரிந்து மீளலாம். பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி இயங்கினால், ஒப்பமிடப்படாத கருநிரலை அது ஏற்காது என்பதையும் நினைவிற் கொள்ளல்வேண்டும்.

கருநிரல் மாறியதனால் மட்டும் எந்த நிரலும் நேரந்தவறாததாகிவிடாது. அந்நிரல் 1 முதல் 99 வரையான நிகழ்நேர முன்னுரிமைகளுள் ஒன்றைக் கேட்டுப் பெறவேண்டும். தன் நினைவகத்தை வட்டுக்கு நகராதவாறு பூட்டவும்வேண்டும். மொத்த வேலையின் அளவு சற்றுக் குறைதலும் உண்டு. ஆதலின் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கணினி வைத்திருப்போர்க்கு இது வேண்டாத சுமை.

பயனை அறிதற்குச் சைக்கிளிக்ரெஸ்ற் என்னும் அளவைநிரல் உண்டு. குறித்த கணத்தில் விழிக்குமாறு இழையொன்றைப் பணித்து, அது எத்தனை மைக்குரோசெக்கன் பிந்தி விழித்தது என்பதை அது பதியும். ஓய்வில் இருக்கும் கணினியில் அளப்பது தன்னைத்தான் ஏமாற்றுதலாகும். வட்டும் வலையும் செயலியும் ஒருங்கே உழைக்கும் வேளையில், பல மணித்தியாலம் அளத்தல்வேண்டும். சராசரியை விடுத்து உச்ச எண்ணையே நோக்குக. ஏற்ற வன்பொருளில் அது 100 மைக்குரோசெக்கனுக்குள் அடங்குதல் வழக்கம். எப்போதாவது ஒருமுறை அவ்வெண் திடீரெனப் பன்மடங்காகுமாயின், தாய்ப்பலகையின் உள்நிரல் கருநிரலுக்குத் தெரியாமலே செயலியைத் தன்வசம் எடுத்திருத்தல் கூடும். அதனைத் தொடக்க அமைவுகளில் தணிக்க முயலலாம். தணியாவிடின் வேறு பலகையை நாடுவதன்றி வழியில்லை.