ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது?

ரேஷன் கடையில் கணக்கு இருக்கிறது. நமக்கு எவ்வளவு அரிசி கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். நகராட்சியில் கோப்பு இருக்கிறது. நம் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு செலவானது என்று அதில் இருக்கும். முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருப்போம். அந்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது என்பதும் எழுத்தில் இருக்கும்.

இந்த ஏடுகள் யாருக்குச் சொந்தம்? அதிகாரிக்கா? கடைக்காரருக்கா? இல்லை. அவை மக்கள் பணத்தில் நடக்கும் வேலையின் கணக்குகள். நாம் கேட்டால் காட்ட வேண்டும். இது சட்டம்.

யாருடைய கைநாட்டு?

கிழக்குத் தில்லியில் வெல்கம் காலனி என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஓர் ஏழைப் பெண் இருந்தார். அவரிடம் அந்தியோதயா கார்டு இருந்தது. மிக ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் கார்டு அது. அப்போது அந்தக் கார்டுக்குக் கோதுமை கிலோ 2 ரூபாய். அரிசி கிலோ 3 ரூபாய். ஆனால் அந்தப் பெண் கோதுமைக்கு 5 ரூபாயும் அரிசிக்கு 10 ரூபாயும் கொடுத்து வந்தார். சரியான விலை அவருக்குத் தெரியாது. 2003ஆம் ஆண்டில்தான் தெரிய வந்தது.

தில்லி அரசு 2001ஆம் ஆண்டிலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டு வந்திருந்தது. ‘பரிவர்த்தன்’ என்ற அமைப்பு அதை மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெண் விண்ணப்பம் எழுதினார். “என் கார்டுக்கு எவ்வளவு பொருள் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது? ரசீதுகளின் நகல் வேண்டும்” என்று கேட்டார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மாதந்தோறும் 25 கிலோ கோதுமையும் 10 கிலோ அரிசியும் சரியான விலைக்குக் கொடுத்ததாக அதில் இருந்தது. ரசீதுகளில் அவர் பெயரில் கைநாட்டு இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அவர் எப்போதும் கையெழுத்துத்தான் போடுவார். அப்படியானால் அந்தக் கைநாட்டு யாருடையது?

திருட்டு வெளியே வந்தது. கடைக்காரர் அந்தப் பெண்ணிடம் வந்து கெஞ்சினார். அதன் பிறகு சரியான அளவும் சரியான விலையும் கிடைத்தன.

சாக்கடை மூடிகள் எங்கே?

சுந்தர் நகரி, நியூ சீமாபுரி ஆகியவையும் கிழக்குத் தில்லியில்தான் உள்ளன. அங்கே நடந்த அரசு வேலைகளின் கணக்கை மக்கள் இதே சட்டப்படி வாங்கினார்கள். 2002 டிசம்பரில் எல்லோர் முன்னும் அதைப் படித்தார்கள். சாக்கடைகளுக்கு 253 இரும்பு மூடிகள் போட்டதாகக் கணக்கில் இருந்தது. தெருவில் எண்ணினால் சுமார் 30தான் இருந்தன. ஏட்டையும் தெருவையும் ஒப்பிட்டதால் இது தெரிந்தது.

சட்டம் எப்படி வந்தது?

ராஜஸ்தானில் கூலி வேலை செய்த கிராம மக்கள் தங்கள் கூலிக் கணக்கைக் காட்டும்படி கேட்டார்கள். அவர்களின் சங்கத்துக்கு மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று பெயர். 1996இல் பியாவர் என்ற ஊரில் அவர்கள் 40 நாள் தர்ணா நடத்தினார்கள். தமிழ்நாடு 1997இல் ஒரு சட்டம் போட்டது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

எப்படிக் கேட்பது?

1. அலுவலகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ரேஷன் என்றால் தில்லி அரசின் உணவு வழங்கல் துறை. கிழக்கு கிட்வாய் நகரின் சாலை, சாக்கடை என்றால் புது தில்லி நகராட்சி மன்றம். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் பயம் வேண்டாம். 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

2. வெள்ளைத் தாளில் எழுதுங்கள். தில்லி அலுவலகங்களுக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். தமிழ்நாட்டில் உள்ள அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் கொண்டு வர அலுவலர் உதவ வேண்டும்.

3. தில்லியில் கட்டணம் 10 ரூபாய். பணமாகக் கட்டினால் ரசீது வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் போஸ்டல் ஆர்டர் இணைக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கான சான்றின் நகலை வைக்க வேண்டும். கட்டணம் கட்டும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

4. நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். ஏட்டை நேரில் பார்க்கவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

5. விண்ணப்பத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் பதிவு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மாதிரி விண்ணப்பம்

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், (துறையின் பெயர், முகவரி)

ஐயா / அம்மா,

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி கீழ்க்கண்ட தகவல்களைக் கேட்கிறேன்.

1. என் ரேஷன் கார்டு எண் ______. கடந்த மூன்று மாதங்களில் இந்தக் கார்டுக்குக் கொடுத்ததாகப் பதிவான பொருள்கள் எவை? ஒவ்வொன்றும் எத்தனை கிலோ? எந்தத் தேதியில்?

2. அந்தப் பதிவுகளின் நகல் வேண்டும்.

கட்டணம் 10 ரூபாய் செலுத்தியுள்ளேன்.

பெயர், முகவரி, தேதி, கையெழுத்து

எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று சண்டை போடவும் வேண்டாம். எந்த ஏடு, எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று கேளுங்கள். அப்போது நழுவ முடியாது.

எல்லாம் கிடைக்குமா?

எல்லாம் கிடைக்காது. நாட்டின் பாதுகாப்பு பற்றியவற்றைத் தரமாட்டார்கள். பிறருடைய சொந்த விவரங்களையும் மறுக்கலாம். அதனால் உங்கள் கார்டு, உங்கள் மனு, உங்கள் தெரு வேலை பற்றிக் கேளுங்கள்.

பதில் வராவிட்டால்?

30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர், சுதந்திரம் பற்றிய விஷயம் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

பதில் வரவில்லையா? வந்த பதில் சரியில்லையா? 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு எழுதலாம். தில்லி அலுவலகங்களுக்கு மத்திய தகவல் ஆணையம். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு மாநிலத் தகவல் ஆணையம். தக்க காரணம் இல்லாமல் தகவலைத் தராத அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் போடலாம். மொத்தம் 25,000 ரூபாய் வரை போடலாம்.

ஆணையத்தில் முடிவு வரப் பல மாதம் ஆவதும் உண்டு. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருக்கலாம். அப்போது நாலைந்து பேர் ஒரே நாளில் ஆளுக்கொரு விண்ணப்பம் கொடுங்கள். ஒரே ஆளை மட்டும் குறிவைத்து மிரட்டுவது கடினமாகும்.

ரேஷன் தானியம் 2023 ஜனவரி முதல் இலவசம். இப்போது கடையில் இயந்திரத்தில் விரல் வைக்கிறோம். ஆனாலும் வாங்கியது எவ்வளவு, பதிவானது எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். பையில் உள்ளதை நிறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அன்றே ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. வெல்கம் காலனிப் பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

2. உங்கள் தெருவில் கடைசியாக நடந்த அரசு வேலை எது? அதன் கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கும்?

3. மாதிரியைப் பார்த்து உங்கள் தேவைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்.