கதவைத் திறக்குமுன் காற்றைப் பாருங்கள்!

“கார் சமாசாரமா? அது வீட்டுக்காரர் பாடு” என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! காரை யார் ஓட்டினாலும் பின்கதவைத் திறப்பது யார்? நாமும் நம் பிள்ளைகளும்தானே? பக்கத்துக் காரில் ஒடுக்கு விழுவதும் அநேகமாக அந்தப் பின்கதவால்தான்.

எங்களுக்குச் சங்கரன்கோவில். இவருக்கு விசைத்தறித் துணி வியாபாரம். பத்து வருஷம் ஒரே ஸ்கூட்டரில் நாலு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போய் வந்தோம். பிறகு சீட்டு எடுத்து, என் வளையல் இரண்டையும் அடகு வைத்து, ஒருவர் ஓட்டிய ஆல்ட்டோவை வாங்கினோம். பழைய வண்டிதான், ஆனால் ஒரு கீறல் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் நானே துடைத்துப் பொட்டு வைப்பேன்.

வாங்கி மூன்று மாசம் ஆகவில்லை. திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இடதுபக்கக் கதவின் நடுவில் ஒரு ஒடுக்கு! எட்டணாக் காசு அளவுதான். ஆனால் வெயில் பட்டால் அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. “எந்தப் பாவியோ, அவன் கை விளங்காமப் போக!” என்று வாய்விட்டே சபித்துவிட்டேன். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

அடுத்து வந்தது ஆடித் தபசு. எங்கள் ஊரில் அதுதான் பெரிய திருவிழா. சிவனும் திருமாலும் ஒன்றே என்று காட்ட வேண்டும் என்று கோமதியம்மன் தவமிருந்து, சங்கரநாராயணராகத் தரிசனம் பெற்ற நாள். பன்னிரண்டு நாள் திருவிழாவில் அந்த ஒரு மாலைக்காகவே சுற்றுவட்டாரமெல்லாம் திரண்டு வரும். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, ராஜபாளையம் சாலையில். அத்தைக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. அதனால் காரிலேயே போனோம். ரத வீதிப் பக்கம் வண்டி விடமாட்டார்களே! வெளியே ஒரு பொட்டலில் கயிறு கட்டி நிறுத்தச் சொன்னார்கள். விசில் வைத்திருந்த பையன், “வாங்க, வாங்க, ஒடிச்சு வாங்க” என்று ஒரு புத்தம்புது வெள்ளை வண்டிக்குப் பக்கத்தில் எங்களைச் செருகிவிட்டான். அந்த வண்டிக்குக் கட்டியிருந்த மாலைகூட இன்னும் முழுசாக வாடவில்லை.

இவர் என்ஜினை அணைத்தாரோ இல்லையோ, ஏழு வயசுப் பையன் கதவின் பிடியை இழுத்தான். அவ்வளவுதான்! அவன் கதவைத் தள்ளவே இல்லை. காற்று பிடுங்கிக்கொண்டு போனது. ‘டம்’மென்று ஒரு சத்தம். வெள்ளைக் கதவில் ஒரு பள்ளம்.

விசில் பையன் ஓடி வந்து பார்த்தான். “யாரும் பாக்கலைக்கா. வண்டியை அந்த மூலையில போட்டுக்கிடுங்க” என்றான். பொய் சொல்வானேன், என் மனசும் அந்த மூலையைத்தான் பார்த்தது. அப்போது நாலு வயசு மகள் என் புடவையை இழுத்துக் கேட்டாள்: “அம்மா, அண்ணன் கை விளங்காமப் போயிருமா?”

இவரையும் அத்தையையும் மகளையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நானும் பையனும் அங்கேயே நின்றோம். பெயரை எழுதி வைப்பரில் செருகிவிட்டுப் போகலாமே என்பீர்கள். அந்தக் காற்றில் காகிதம் நிற்குமா? மாலைக் காட்சி நேரத்தில் வேட்டுச் சத்தமும் ஜனங்களின் குரலும் அங்கே வரைக்கும் கேட்டன. அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை மடக்கி, திறந்து, மடக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்தக் குடும்பம் வந்தது. ஒரு பெரியவர், அவர் சம்சாரம், மருமகள், கைக்குழந்தை. பெரியவர் கையில் புற்றுமண் பொட்டலம். நான் சொன்னதும் மனுஷர் குனிந்து, போன் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் அந்தப் பள்ளத்தையே தடவிக்கொண்டிருந்தார். “எடுத்துப் பதினோரு நாள்தான் ஆச்சு தாயி. மகன் வெளிநாட்டுல இருந்து அனுப்புன பணம்” என்றார். எனக்குப் பூமி பிளந்துவிடாதா என்றிருந்தது. திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நம்பரை வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. பெயின்ட் உரியாததால் உள்பக்கமிருந்தே கம்பி விட்டு நெம்பி எடுத்துவிட்டார்களாம், ஆயிரத்து எண்ணூறு ஆனதாம். அன்றைக்கே அனுப்பிவைத்தோம்.

இதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் டிங்கர் கடை அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்து எல்லாம் கேட்டேன். அவர் சொன்ன முதல் விஷயம், இத்தனை நாள் என் மண்டையில் ஏறாதது.

“கதவுக்குக் கீல் எங்க இருக்கு? முன்னாலதான? காத்து பின்னால இருந்து அடிச்சா, திறந்த கதவுக்குள்ள புகுந்து பிடுங்கிட்டுப் போகும். முன்னால இருந்து அடிச்சா கதவைச் சாத்தத்தான் பார்க்கும். நீங்க கிழக்க பாத்துல்லா வண்டியைப் போட்டிருக்கிய!”

நம் பக்கம் ஆடிக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்கே செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் மலையில் உள்ள இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிறது. தேவர்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மாவா? அம்மியே பறக்கும் என்கிறோம், அரைக்கதவு எம்மாத்திரம்! ஆகவே ஆனி முதல் ஆவணி வரை எங்கள் பக்கத்தில் காரின் முகம் மேற்கே பார்த்து இருப்பது நல்லது. வேறு ஊர்க்காரர்கள் கொடியோ மரக்கிளையோ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள். முடியாத இடத்தில் பிள்ளைகளைக் கதவில் கை வைக்கவே விடாதீர்கள். நீங்கள் முதலில் இறங்கி, வெளியிலிருந்து கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு திறந்துவிடுங்கள். ஒரு கை எப்போதும் கதவின் மேல் இருக்க வேண்டும். சரிவான இடத்திலும் இதே கதைதான். கதவு தன் கனத்திலேயே ஓடிவிடும்.

அதற்குத்தான் ‘சைல்டு லாக்’ என்ற ஒன்றே இருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது! பின்கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். பூட்டு நாக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும், சில வண்டிகளில் சாவி நுனியால் திருப்புவது போல இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து கதவு திறக்காது, வெளியிலிருந்து மட்டும் திறக்கும். ஓடும் வண்டியில் பிள்ளை கதவைத் திறந்துவிடும் பயமும் போச்சு. ஆனால் ஒன்று. உள்ளே இருக்கும் குழந்தையால் தானாக வெளியே வர முடியாது என்பதை மறக்கக் கூடாது. மூடிய காருக்குள் பத்து நிமிஷத்திலேயே பத்து டிகிரி வரை சூடு ஏறிவிடும். “இதோ வந்துடறேன், உள்ளேயே இரு” என்று பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குள் நுழைவது ஒருபோதும் வேண்டாம்.

இதைவிடச் சுலபமான வழி, வண்டியை இடுக்கில் நுழைப்பதற்கு முன்பே எல்லோரையும் இறக்கிவிடுவது. திரும்பும்போதும் அப்படியே. இவர் வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் நாங்கள் ஏறுகிறோம். அதுவரை பிள்ளைகள் இருவரும் என் கையில். வண்டிக்குப் பின்னால் நிற்கவே கூடாது. ரிவர்ஸ் எடுக்கும்போது சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் தெரியமாட்டார்கள்.

நெருக்கடி ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டின் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம் விடச் சொல்கின்றன. அன்றைக்கு ஊரெல்லாம் ஓடிய மாருதி 800 ஒன்றரை மீட்டர்கூட அகலமில்லை. பக்கத்து வண்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இடம் கிடைக்கும். இன்றைக்குக் கிரெட்டா மாதிரி வண்டி 1.79 மீட்டர். இரண்டு வண்டிகளுக்கு நடுவே 71 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதற்குள் கதவு திறந்து, பட்டுப்புடவையோடு, இடுப்பில் பிள்ளையோடு நாம் இறங்க வேண்டும்! திருவிழாப் பொட்டலில் அந்தக் கோடும் கிடையாது.

கிரெட்டாவைச் செய்யும் கம்பெனியின் சொந்த நாடான தென் கொரியாவிலும் இதே தலைவலிதான். கதவு போய்க் கொத்துவதற்கென்றே ‘முன்கோக்’ என்று அங்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கதவு ஓரத்தில் நீல நிறப் பஞ்சுத் துண்டு ஒட்டிய வண்டிகள் அங்கே சர்வசாதாரணம். சண்டை தாங்காமல், 2019 முதல் புதுசாகக் கட்டும் பார்க்கிங்கில் ஒரு காருக்கான குறைந்தபட்ச அகலத்தை 2.3 மீட்டரிலிருந்து 2.5 மீட்டராக்கிவிட்டார்கள்.

நாமும் பஞ்சு ஒட்டலாமா? கார் சாமான் கடைகளில் கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இது அடுத்தவர் காரைக் காப்பாற்றும், நம் காரை அல்ல. அதனால்தான் பாதிப் பேர் வாங்குவதில்லையோ என்னவோ! நான் நாலு கதவுக்கும் போட்டுவிட்டேன். மழைக்காலத்தில் அதற்குள் தண்ணீரும் மண்ணும் தங்கினால் துரு ஏறும், அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். நம் கதவைக் காப்பாற்ற வேண்டுமானால் நடுவில் ஒட்டும் தடித்த பக்கவாட்டுப் பட்டை உண்டு. அடுத்த கதவின் விளிம்பு எந்த உயரத்தில் வந்து முட்டுமோ அந்த உயரத்தில் ஒட்டினால்தான் பிரயோஜனம். துணி உறையை நம்பாதீர்கள். அது ஒடுக்கைத் தடுக்காது, காற்றில் அடித்து அடித்து அடியில் உள்ள மண் கீறல் போடுவதுதான் மிச்சம்.

எங்கே நிறுத்துவது என்பதில் இப்போது நான் ரொம்பக் கறார். வரிசையின் கடைசி, ஒரு பக்கம் சுவரோ தூணோ இருந்தால் உத்தமம், பாதி ஆபத்து போச்சு. வாசலுக்குப் பக்கத்தில்தான் எல்லோரும் வந்து முட்டிக்கொள்வார்கள். அத்தையை வாசலில் இறக்கிவிட்டு, நூறடி தள்ளி நிறுத்தி நடந்து வந்தால் என்ன குறைந்துவிடும்? பைக் வரிசைக்குப் பக்கம் வேண்டாம், ஹேண்டில்பார் கோடு இழுத்துவிடும். தென்னை மரத்தடியோ கேட்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கையால் திறக்கக் கூடாது, தள்ளி இருக்கும் கையால் திறக்க வேண்டும். வலதுபக்கம் உட்கார்ந்தால் இடது கை, இடதுபக்கமானால் வலது கை. அப்போது உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும், கதவும் மெதுவாகத்தான் திறக்கும். நெதர்லாந்துக்காரர்களின் வழக்கமாம் இது. பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அங்கே சேர்த்தது ஒடுக்குக்காக அல்ல, சைக்கிளில் வருகிறவரின் உயிருக்காக. ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கதவைப் படாரென்று திறந்தால், பின்னால் பைக்கில் வருகிறவர் கதி என்ன? ஒடுக்கு எடுத்துவிடலாம். அந்த மனுஷரை?

இத்தனைக்குப் பிறகும் ஒடுக்கு விழுந்துவிட்டால்? பெயின்ட் உரியவில்லை என்றால் அவசரப்பட்டுப் பட்டி போட்டுப் பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். உள்ளிருந்து நெம்பி எடுப்பவர்கள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், கம்பெனிப் பெயின்டும் அப்படியே இருக்கும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றும் வித்தை பிளாஸ்டிக் பம்பருக்குச் சில சமயம் பலிக்கும். இரும்புக் கதவில் ஊற்றிப் பார்த்தேன், முற்றம்தான் நனைந்தது. பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், துரு பிடித்துவிடும்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமே என்று இவர் சொன்னார். நான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் ஆயிரம் ரூபாய் நம் கைப்பணம். அதைவிட முக்கியம், ஒரு வருஷம் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. வருஷா வருஷம் ஏறி, ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை போகும். தனியாகப் பணம் கட்டிப் பாதுகாத்து வைக்காவிட்டால், ஒரு சின்ன ஒடுக்குக்காகக் கேட்டாலும் அது மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே ரெண்டாயிரம் ரூபாய் வேலைக்குக் கம்பெனிக்குப் போவது எங்கள் கணக்குக்குக் கட்டுப்படியாகவில்லை.

இவ்வளவும் எழுதுகிறேனே, எங்கள் கதவில் திருநெல்வேலியில் விழுந்த அந்த ஒடுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வருகிற தபசுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பையன் மட்டும் வெள்ளிக்கிழமை வண்டி துடைக்கும்போது அந்த இடத்தைத் தானே துடைப்பதாகச் சொல்லித் துணியை வாங்கிக்கொள்கிறான்.