பாட்டி கேட்ட பாட்டு

வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமி மேல் படையெடுத்து வந்துவிட்டால் எப்படி விரட்டுவது? பீரங்கியா, ஏவுகணையா? ஒரு பழைய பாட்டே போதும் என்கிறது ஒரு ஹாலிவுட் படம்!

1996-ல் டிம் பர்ட்டன் இயக்கிய 'மார்ஸ் அட்டாக்ஸ்'. அதில் வரும் செவ்வாய்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் மேல் அணுகுண்டை ஏவினால், அந்த வெடிப்பையே உறிஞ்சிக்கொண்டு கேலியாகச் சிரிக்கிறார்கள்.

இந்த அமளியில் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி. காதில் ஹெட்போன். ஸ்லிம் விட்மன் என்ற அமெரிக்கப் பாடகர் ஐம்பதுகளில் பாடிய காதல் பாட்டில் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் செவ்வாய்க்காரர்கள் பெரிய துப்பாக்கியோடு குறிபார்க்கிறார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது! சரியான நேரத்தில் பேரன் ஓடிவருகிறான். ஹெட்போன் ஒயர் கழன்று, பாட்டு அறை முழுக்கக் கேட்கிறது. பாடகர் குரலைச் சுழற்றிச் சுழற்றி உச்சிக்குக் கொண்டுபோகிறார் பாருங்கள், கண்ணாடிக் கவசத்துக்குள் செவ்வாய்க்காரர்களின் மூளை 'பட்'டென்று வெடிக்கிறது!

பாவம் அந்தப் பாடகர், அவர் என்னவோ நன்றாகத்தான் பாடியிருக்கிறார்.

அப்புறம் அந்தப் பாட்டை ஊரெல்லாம் கேட்கவைத்தது யார் தெரியுமா? வேறு யார், உள்ளூர் வானொலி நிலையம்தான்! இதைச் சொல்வதில் வானொலிக்காரர்களான எங்களுக்குக் கொஞ்சம் பெருமை. பிறகு ராணுவமும் அதையே ஒலிபரப்ப, செவ்வாய்ப்படை சுருண்டு விழுகிறது. பாட்டிக்கும் பேரனுக்கும் பதக்கம் கிடைக்கிறது.