குறுமரம் பழக்கும் மரப்பெட்டி

யப்பானியர் பொன்சாய் என வழங்கும் குறுமரத்தை வளர்க்க விரும்பும் கமக்காரர், தொடக்கத்திலேயே விலையுயர்ந்த சாடி வாங்கவேண்டுவதில்லை. நிலத்திலிருந்து பெயர்த்து, ஆணிவேர் குறைத்த மரத்தை முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அகன்ற, ஆழங்குறைந்த மரப்பெட்டியில் வைத்தலே நன்று. அதிற் பக்கவேர்கள் நன்கு பரவும்.

நடுத்தர மரமொன்றுக்கு 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 4 அங்குல ஆழமும் போதும். உளுக்காத பழைய தேக்கு அல்லது பலாப் பலகை ஏற்றது. உள்ளே தாரோ பழைய இயந்திர எண்ணெயோ பூசலாகாது, வேருக்கு நஞ்சாகும். இரும்பாணி துருவேறுமாதலாற் பித்தளைத் திருகாணி கொள்க.

அடிப்பலகைகளிலேயே பெரும்பாலார் தவறுகின்றனர். அவற்றை நெருக்கிப் பொருத்தினால், நனைந்து உப்பி ஒன்றோடொன்று முட்டிவிடும். தொடர்மழையில் நீர் தேங்கி வேர் அழுகும். பல்லாண்டு வளர்ந்த மரமும் பட்டுப்போம். ஆதலின் கால் அங்குல இடைவெளி விட்டு, மேலே கம்பிவலை விரித்து, பெட்டியின் கீழ் ஓர் அங்குல உயரக் கட்டைகள் இரண்டு பொருத்துக.

வயல்மண் இடவேண்டாம், நெல்லுக்கு நீரைத் தேக்கித்தரும் அக்களியே இங்குக் கேடாகும். தூள் நீங்க அரித்த பருமணலும் உடைத்த செங்கல்லும் எடுத்து, உக்கிய கூட்டெரு சிறிது கலந்து இடுக. மரம் காற்றில் ஆடினாற் புதுவேர்கள் அறுந்துபோம். வேர்த்திரளின்மேல் இறப்பர்த் துண்டு வைத்து, கம்பியால் அடிப்பலகையோடு இறுகக் கட்டுக. வேர் நன்கு பிடித்தபின் கம்பியை அவிழ்க்கலாம்.