மூன்று வருடம், ஒரு மரத்தடி!
கீழே வைக்க விடாத ஜப்பானியக் காதல் விளையாட்டு

துப்பாக்கி இல்லை. கார் பந்தயம் இல்லை. குத்துச்சண்டையும் இல்லை. ஒரு மாணவன் ஏப்ரல் மாதம் உயர்நிலைப் பள்ளியில் சேருகிறான், மூன்று வருடம் படிக்கிறான், வெளியே வருகிறான். அவ்வளவுதான் விளையாட்டு! 1994-ம் ஆண்டு மே மாதம் கொனாமி என்ற கம்பெனி இதை ஜப்பானில் வெளியிட்டது. பெயர் 'தோக்கிமெக்கி மெமோரியல்'. தோக்கிமெக்கி என்றால் நெஞ்சு படபடப்பது என்று பொருள். காதலை விளையாட்டாக்கும் இந்த ரகத்தில் ஜப்பானியர் முதலில் சொல்லும் பெயர்களில் இதுவும் ஒன்று.

முப்பது வருடம் கழித்து, ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத தமிழர் ஒருவர், மெஸ் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து, இரவு பன்னிரண்டு மணி வரை செல்போனில் இதை ஆடிக்கொண்டிருக்கிறார். அந்தத் தமிழர் வேறு யாருமல்ல, நான்தான். அறை நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஜப்பானிய மொழி தெரியாமல் எப்படி ஆடுவது? இந்த முதல் விளையாட்டுக்குக் கம்பெனி ஆங்கிலப் பதிப்பு போடவில்லை. 1996-ல் சூப்பர் பாமிகாம் என்ற பெட்டிக்காக வந்த பதிப்பை, ரசிகர்களே உட்கார்ந்து ஆங்கிலமாக்கி 2022-ல் வெளியிட்டார்கள். மூன்று வருடத்துப் பேச்சு முழுவதும்! இங்கிலீஷ் எளிமைதான். என் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷுக்கே அகராதியைப் புரட்ட வேண்டிய தேவை அதிகம் வரவில்லை.

ஞாயிறு ஒன்றே ஒன்று

ஆட்டத்தின் முறை இதுதான். வாரம் பிறந்ததும், இந்த வாரம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். பாடமா, விஞ்ஞானமா, ஓவியமா, உடற்பயிற்சியா, தலைவாரி உடுத்திக்கொள்வதா? ஒன்றைச் சொல்லலாம். அதற்குரிய எண் ஏறும்; வேறொன்று இறங்கும். ஓய்வே கொடுக்காமல் விரட்டினால் பையன் காய்ச்சலில் படுத்துவிடுவான்.

விடுமுறை நாளில்தான் டெலிபோன். ஒரு பெண்ணுக்குப் போன் செய்து, பூங்காவா, மிருகக்காட்சி சாலையா, சினிமாவா என்று இடம் சொல்லித் தேதி குறிக்க வேண்டும். போன இடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்பாள். திரையில் மூன்று பதில் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன் நம்பரைத் தருபவன் யோஷியோ என்ற சிநேகிதன். எந்தப் பெண்ணுக்கு எப்போது பிறந்த நாள், யார் உன்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கும் பேர்வழி. இப்படி ஓர் ஆசாமி இல்லாத ஆபீஸ் உண்டா? யாருக்கு இன்கிரிமென்ட், யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கதாநாயகி ஷியோரி புஜிசாகி. அடுத்த வீடு, சிறு வயது முதல் பழக்கம். நம் சினிமா பார்த்து வளர்ந்தவன், 'அடுத்த வீட்டுப் பெண்தானே, காரியம் சுலபம்' என்று நினைப்பான். அங்கேதான் அடி! சேர்ந்து வீட்டுக்கு நடக்கலாமா என்று கேட்டால், சிநேகிதிகள் பார்த்தால் வம்பு பேசுவார்கள், வெட்கமாயிருக்கும் என்று நழுவிவிடுகிறாள். படிப்பு, விளையாட்டு, தோற்றம், கலை எல்லாவற்றிலும் தேறினவன்தான் அவளுக்கு வேண்டும். 'மணமகன் தேவை' விளம்பரம் தோற்றது போங்கள்.

வெடிகுண்டு ஜாக்கிரதை!

இந்த ஆட்டத்தின் சூட்சுமமே இனிமேல்தான். நீங்கள் தேறத் தேற, புதுப் பெண்கள் தாமாகவே அறிமுகமாவார்கள். விஞ்ஞானத்தில் எண் ஏறினால், உலகத்தையே பிடிக்கத் திட்டம் போடும் விஞ்ஞானி மாணவி யுய்னா ஹிமோ வந்து நிற்பாள். இலக்கியப் பாடத்தில் ஏறினால், மூக்குக் கண்ணாடி போட்ட மியோ கிசராகி வருவாள். அறிமுகமான பெண்ணை ஒரேயடியாக மறந்துவிட்டால் யோஷியோவின் நோட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெடிகுண்டுப் படம் தோன்றும். கவனிக்காமல் விட்டால் வெடித்துவிடும். அவள் மனம் புண்பட்டாள் என்ற வதந்தி பள்ளி முழுதும் பரவி, எல்லாப் பெண்களின் பிரியமும் சரசரவென்று இறங்கும், ஷியோரி உட்பட!

ஆக, ஒருத்திக்காக ஆடுகிறவனும் ஆறு பேரைக் கவனித்தே தீரவேண்டும். ஞாயிறோ ஒன்று. வெளி மாநிலத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? அம்மாவுக்குப் போன் செய்து முடிப்பதற்குள் அக்காவிடமிருந்து இரண்டு கால் வந்திருக்கும். சித்தப்பாவைக் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். தங்கை புருஷன் 'மச்சான் பெரிய ஆளாயிட்டார்' என்று யாரிடமோ சொன்னதாகச் செய்தி வரும். குண்டு வைத்த இடம் தெரிந்துவிடும். நான் இந்த விளையாட்டில் ஒட்டிக்கொண்டது பெண்களைப் பார்த்தல்ல. அந்தச் சின்ன வெடிகுண்டுப் படத்தைப் பார்த்து.

சுப்ரீம் கோர்ட் ஏறிய காதல்

பாடுபடாமல் பலன் வேண்டும் என்பவர்கள் எங்கும் உண்டு. பிளேஸ்டேஷன் பெட்டியில் செருகும் சின்ன அட்டை ஒன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதைச் செருகினால் பையனின் எண்கள் எல்லாம் தொடக்கத்திலேயே உச்சத்தில் நிற்கும். கொனாமி வழக்குப் போட்டது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி ஜப்பானிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பையனின் எண்களை மாற்றினால் அவன் வேறு ஆளாகிவிடுகிறான், படைத்தவர் நினைத்திராத வழியில் கதை போய்விடுகிறது, ஆகவே படைப்பு சிதைக்கப்பட்டது, அட்டை விற்றவர் பொறுப்பு என்பது அதன் சாரம். உழைத்து ஏறியவனும் சிபாரிசில் ஏறியவனும் ஒரே ஆள் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்ட ஆசை.

மொழிபெயர்ப்பாளர் படும் பாடும் ரசிக்கத்தக்கது. ஜப்பானில் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பது மரியாதை; பையன்களுக்கு 'குன்' ஒட்டும். சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்க நெருக்கம் வேண்டும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ' தானே? அதனால் பல ரசிக மொழிபெயர்ப்பாளர்கள் 'சான்', 'குன்' இவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெள்ளைக்கார வாசகனுக்கு இது விளங்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்பதை நாள் கிழமையோடு நினைவில் வைத்திருக்கும் நமக்கு ஒரு நிமிடம் போதும்.

பெண்களுக்கும், புறாக்களுக்கும்

இது ஆண்களுக்கு மட்டும் உரிய சரக்கல்ல. அதே 1994-ல் கோயெய் கம்பெனியில் பெண்கள் குழு ஒன்று, பெண்கள் ஆடுவதற்கென்றே 'ஆஞ்செலிக்' என்ற விளையாட்டைத் தந்தது. 2002-ல் தோக்கிமெக்கியிலும் பெண்களுக்கான பதிப்பு வந்தது. 2011-ல் வந்த 'ஹாட்டோபுல் பாய்பிரண்ட்' இன்னும் வேடிக்கை. பள்ளி முழுதும் பறவைகள். படிக்கப் போகும் மனிதப் பெண் நீங்கள் ஒருவர்தான்! காதலர்கள் எல்லோரும் பறவைகள், பெரும்பாலும் புறாக்கள், அதுவும் நிஜப் பறவைகளின் புகைப்படத்தோடு. ஆங்கிலத்தில் இது முறையாகவே கிடைக்கிறது. சிரிக்கத் தொடங்கி, நூலகத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு புறாவிடம் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

2009-ல் கொனாமி கொண்டுவந்த 'லவ் பிளஸ்' எனக்குப் பிடிக்கவில்லை. அதில் காதலைச் சொன்ன பிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது, கடிகாரத்தோடு சேர்ந்து தினமும் ஓடுகிறது, முடிவு கிடையாது. 2010 கோடையில் அதாமி என்ற கடற்கரை ஊருக்கு இந்த ரசிகர்கள் கையடக்கப் பெட்டியோடு உல்லாசப் பயணம் போனார்கள், விடுதிகளும் வரவேற்றன. ஊருக்கு வியாபாரம்தான். ஆனாலும் முடிவில்லாத இடத்தில் கணக்கு ஏது?

எங்கள் அலுவலகச் சகோதரி ஒருவர், "பெண்ணை மார்க் வாங்கிப் பெறும் பரிசாக்கிவிட்டார்களே" என்றார். பாதி உண்மை. அந்தப் பெண்களுக்கு நம்மைக் காத்திருப்பது தவிர வேறு வேலை அதிகமில்லை. மறு பாதி, கடைசி நாளில் இருக்கிறது. பட்டமளிப்பு அன்று ஒரு கடிதம் வருகிறது, பள்ளி வளாகத்துப் பழைய மரத்தடிக்கு வரச் சொல்லி. அங்கே காதலைச் சொல்வது பையனல்ல, பெண். யார் வருவாள் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஷியோரிக்காக மூன்று வருடம் பாடுபட்ட என் முதல் ஆட்டத்தில் மரத்தடிக்கு வந்து நின்றவள் மியோ கிசராகி. குண்டு வெடிக்காமல் இருக்க வேண்டுமே என்பதற்காக மட்டும் மாதம் ஒரு முறை போன் செய்த பெண். இரண்டாவது ஆட்டம் தொடங்கியாயிற்று. இப்போது மே மாதம். இலக்கியப் பாடத்தில் நாற்பத்திரண்டு.