சாவா மூவாக் கொடை

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்தது கீழக்கரை என்னும் பழம்பதி. அது மழைவளம் குறைந்த நிலம். பனையும் உடைமரமும் மிகுந்த மணற்பாங்கு. உழுது பிழைக்கப் போதிய இடம் கொடாத அந்நிலம், தன் மக்களைக் கடலின்பால் அனுப்பியது. அவர்கள் முத்தும் சங்கும் குளித்தெடுத்தனர். மரக்கலம் ஏறி இலங்கைக்கும் வங்கத்திற்கும் சென்று வணிகம் புரிந்தனர். இக்கரையில் எடுத்த சங்கு வங்கப் பெண்டிரின் கைவளையாயிற்று.

இவ்வூரில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர் வள்ளல் சீதக்காதி. அவருடைய இயற்பெயர் செய்கு அப்துல் காதிர் மரக்காயர் என்பதாகும். கிழவன் சேதுபதியின் நண்பராகவும், உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுதற்குத் துணை நின்றவராகவும் அவரை நாம் அறிவோம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் பழமொழியைக் கேளாதார் இலர். வள்ளல் மறைந்த செய்தி கேட்டு அடக்கத்தலத்திற்கு வந்து புலவர் ஒருவர் புலம்பினார் என்றும், அப்போது கல்லறையினின்றும் மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டது என்றும் கதை கூறுவர். இறந்தவர் கை நீட்டினார் என்பது கதையே. ஆயினும், இறந்த பின்னும் கொடுப்பதற்கு மெய்யாகவே ஒரு வழி உண்டு. அவ்வழியை மேற்கொண்ட மற்றொரு கீழக்கரை வணிகரைப் பற்றி இனிக் காண்போம்.

பி. எஸ். அப்துர் ரகுமான் 1927-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள் கீழக்கரையில் பிறந்தார். அவ்வூர் இளைஞர் பலரைப் போலவே இளமையிலேயே இலங்கை சென்று மணிக்கல் வணிகத்திற் பழகினார். மணிக்கல் வணிகம் கண்ணையும் நாணயத்தையும் ஒருங்கே சோதிப்பது; கல்லின் குற்றத்தைக் காணத் தெரிதல் வேண்டும், கண்ட குற்றத்தை மறைக்காது கூறவும் வேண்டும். பின்னர் அவர் பல துறைகளிற் கால் வைத்தார். சென்னையில் 1973-இல் திறக்கப்பெற்ற அண்ணா மேம்பாலம் அவருடைய ஈஸ்ட் கோஸ்ட் கட்டுமான நிறுவனம் கட்டியதே. அதே ஆண்டில் துபாய் நகரில் அவர் பங்குகொண்டு தொடங்கிய ஈ.டி.ஏ. நிறுவனம் பெருக வளர்ந்தது. சமய வேறுபாடின்றித் தமிழ்நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அதில் வேலை பெற்றனர்.

வேலை கொடுத்தலும் அறமே. ஆனால், வேலை தேடிச் சென்றவனைக் கடல் பல ஆண்டுகள் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஊரில் எஞ்சியிருப்போர் முதியோரும் பெண்டிரும் சிறாருமே. வந்த பணத்திற்குக் கணக்கு வைப்பதும், பிள்ளைகளை வளர்ப்பதும், சென்றவன் திரும்பாமற் போயின் குடும்பத்தைத் தாங்குவதும் பெண்ணின் கடமையாயின. இக்கரைப் பெண்டிர் அறிவிற் குறைந்தவர் அல்லர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழை வீட்டிலிருந்தே கற்றவர் பலர். மெய்ஞ்ஞானப் பாடல்கள் இயற்றிய ஆசியா உம்மா என்னும் பெண்பாற் புலவர் இவ்வூரினரே. இல்லாதது அறிவன்று, பள்ளிப் படிப்பிற்குமேல் செல்ல அருகில் ஓர் இடம். மகளைத் தொலைநகருக்கு அனுப்பி விடுதியில் வைத்துப் படிப்பிக்கப் பொருள் இல்லாதாரும் இருந்தனர். பொருள் இருந்தும் மனம் துணியாதாரும் இருந்தனர்.

இந்நிலையில் செல்வர் செய்யக்கூடியது யாது? கேட்டவர்க்குக் கேட்டபோது பணம் கொடுக்கலாம். அது பசித்தவனுக்குச் சோறிடுதலை ஒக்கும்; மறுநாள் அவன் மீண்டும் வருவான், கொடுத்தவர் இருப்பாரோ இராரோ? நம் முன்னோர் இதனை நன்கு எண்ணிப் பார்த்திருக்கின்றனர். கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்குச் சோழர் காலத்தில் ஆடுகளை வழங்கினர். அவற்றின் நெய் விளக்கிற்கு ஆகும். ஆடு ஒன்று இறப்பின் அதன் குட்டி அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறைதல் கூடாது. ஆதலின் கல்வெட்டுக்கள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று வழங்கின. இசுலாத்தில் 'வக்ஃபு' என்பதும் ஏறக்குறைய இத்தகையதே; இறைவன் பெயரால் ஒதுக்கிய உடைமையை விற்றலும் கூடாது, மரபுரிமையாகப் பிரித்தலும் கூடாது; அதன் பயன் மட்டுமே அறத்திற்குச் செல்லும்.

இக்காலத்து அறக்கட்டளையும் இவ்வழியிலேயே அமைவது. கொடையாளர் தம் பொருளின் ஒரு பகுதியை ஆவணம் எழுதிப் பதிவு செய்து பிரித்துவிடுகின்றார். அதன்பின் அப்பொருள் அவருடையது அன்று. அறங்காவலர் பலர் கூடி அதனை நடத்துவர். மிகுதி கிடைப்பின் அதனைப் பங்கிட்டுக்கொள்ள இயலாது. அறப்பணிக்கே மீளச் செலவிடல் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை நிகழும். வணிகத்தில் ஊதியம் உரியவனைச் சேரும். அறக்கட்டளையில் 'உரியவன்' என்று ஒருவன் இல்லை. ஆங்கிலத்தில் இதனை 'டிரஸ்டு' என்பர். நம்பிக்கை என்பது அச்சொல்லின் பொருள். பொன்னும் பொருளும் கொடுத்த வள்ளலைப் பாடுதல் புலவர்க்கு எளிது. தணிக்கைக் கணக்கைப் பாட்டில் அமைப்பதோ அரிதினும் அரிது! ஆயினும், கொடையை நிலைக்கச் செய்வது அக்கணக்கே.

அப்துர் ரகுமான் தம் ஊர் வள்ளலின் பெயரைத் தாங்கிய சீதக்காதி அறக்கட்டளையின் வாயிலாக 1984-இல் சென்னையை அடுத்த வண்டலூரில் கிரசண்ட் பொறியியற் கல்லூரி தோன்றச் செய்தார். அது பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து அவர் பெயரைப் பெற்றது. அதே 1984-இல் கீழக்கரையிலும் முகமது சதக் பொறியியற் கல்லூரி எழுந்தது; அது அவ்வூரின் மற்றொரு வணிகக் குடும்பத்தார் செய்த அறம். இளைஞர்க்கு இவ்வாறு வழி பிறந்தது.

வண்டலூர்க் கல்லூரி பெரிது. பெயரும் புகழும் அதற்கே மிகுதி. எனினும், 1988-இல் அவர் கீழக்கரையிலேயே நிறுவிய மகளிர் கல்லூரியையே நான் முதன்மையாகக் கருதுகின்றேன். தலைநகரில் கல்லூரி கட்டினால் மாணாக்கர் தாமே தேடி வருவர். வறண்ட கடற்கரையூரிலோ, மாணாக்கியரின் வீட்டு வாயிலுக்குக் கல்வியே நடந்து செல்லல் வேண்டும். காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நிலை ஏற்பட்டபோது, பெற்றோரின் தயக்கத்திற்கு இருந்த பெருங்காரணம் ஒன்று அகன்றது. 'படித்தது போதும்' என்று வீட்டில் நிறுத்தப்பெறவிருந்த பெண், பட்டப் படிப்பிற்கு மனு எழுதினாள். கல்லூரி எச்சமயத்தார்க்கும் கதவு திறந்தது.

அப்துர் ரகுமான் 2015-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7-ஆம் நாள் மறைந்தார். கல்லூரி அவருடன் மறையவில்லை. அதன் பெயர் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி என்பதாகும். நம் நாட்டுக் கொடைக்கற்களில் பெரும்பாலும் ஆடவர் பெயரே முன்னிற்கக் காண்கின்றோம்; இங்கோ, நுழைவாயிலில் முதலில் வருவது ஒரு பெண்ணின் பெயர். அதனைக் கடந்தே நாள்தோறும் மாணவியர் வகுப்பிற்குச் செல்கின்றனர்.